கம்மி பட்ஜெட்ல சொந்தமா ஒரு வேட்டைக்காடு: மிச்சிகன்ல நிலம் வாங்க முழு வழிகாட்டி

நவம்பர் 15 வந்தா என் டீம்ல பாதிப் பேர் லீவுல இருப்பாங்க. மிச்சிகன்ல வெள்ளைவால் மானுக்கு துப்பாக்கி சீசன் வருஷா வருஷம் அன்னைக்குத்தான் ஆரம்பிக்கும், 30ம் தேதி வரைக்கும் போகும், கிழமை எதுவா இருந்தாலும் தேதி மாறாது. நான் ஆறு வருஷம் அரசாங்கக் காட்டுலயே போய் உக்காந்தேன், ஒவ்வொரு வருஷமும் நான் பாத்து வச்ச இடத்துல விடியக்காலம் வேற யாராச்சும் டார்ச்சோட நிப்பாங்க. அப்புறம்தான் சின்னதா ஒரு துண்டு நிலமாவது சொந்தமா வாங்கிடணும்னு தோணுச்சு. தேடி வாங்க ரெண்டரை வருஷம் ஆச்சு, யூபில (மிச்சிகனோட வடக்குத் துண்டான மேல் தீபகற்பத்த இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க) தெற்குப் பக்கமா 20 ஏக்கர், 38,000 டாலர். அந்த ரெண்டரை வருஷத்துல கத்துக்கிட்டத எல்லாம் இங்க எழுதுறேன், டெட்ராய்ட் பக்கம் இருக்குற நம்ம ஆளுங்க நிறைய பேர் கேக்குறாங்க.

முதல்ல ஒரே ஒரு விஷயத்த மனசுல ஏத்திக்கோங்க, மத்தது எல்லாம் இதுலேர்ந்துதான் வரும். ஒரு நிலம் மலிவா வருதுன்னா அதுக்குக் காரணம் இல்லாம இருக்காது. அந்தக் குறை வீடு கட்ட வர்றவனுக்குக் குறையா, வேட்டைக்காரனுக்குக் குறையான்னு பிரிச்சுப் பாக்கணும். கரண்ட் லைன் இல்ல, பாதி சதுப்பு, பெர்க் டெஸ்ட் பாஸ் ஆகல (அதாவது செப்டிக் டேங்க் போட மண்ணு தண்ணிய உறிஞ்சல), மரத்த எல்லாம் வெட்டி வித்துட்டாங்க, குளிர்காலத்துல ரோட்ல பனி அள்ள மாட்டாங்க, இதெல்லாம் வீடு கட்டுறவன் ஓடிப்போற காரணங்கள், நமக்கு இதுதான் விலைக் குறைப்பு. ஆனா போறதுக்கு சட்டப்படி பாதை இல்ல, பத்திரத்துல சிக்கல், வேற யார் வேணும்னாலும் உள்ள வந்து வேட்டையாடலாம்னு ஒரு நிபந்தனை, ரொம்ப ஒடிசலான துண்டு, இதெல்லாம் எவ்வளவு மலிவா கொடுத்தாலும் வேண்டாம்.

நிலம் தேடுறதுக்கு முன்னாடி: விசா, லைசென்ஸ்

இத யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. எச்-1பி மாதிரி வேலை விசால இருக்குறவங்க அமெரிக்க மத்திய சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கவே கூடாது, ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ் கையில இருந்தா மட்டும் அதுக்கு விலக்கு உண்டு. கிரீன் கார்டு இருந்தா இந்தத் தடை இல்ல. லைசென்ஸ் முடிஞ்சுபோய் துப்பாக்கி மட்டும் வீட்ல இருந்தா அது விளையாட்டு இல்ல, விசா போற விஷயம், அதனால துப்பாக்கியத் தொடுறதுக்கு முன்னாடியே ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு மணி நேரம் உக்காந்து பேசிடுங்க.

1960 ஜனவரி 1லயோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்க மிச்சிகன்ல ஹன்டர் சேஃப்டி கோர்ஸ் முடிச்சாதான் வழக்கமான லைசென்ஸ் வாங்க முடியும். நம்ம ஊர்ல 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் வேட்டை கொஞ்சம் கொஞ்சமா முடிஞ்சுபோச்சு, அதனால நம்மள்ல பலபேர் துப்பாக்கியப் பக்கத்துல கூட பாத்தது கிடையாது, இந்த கோர்ஸ கடமைக்குப் பண்ணாம உண்மையாவே உக்காந்து படிங்க. சொந்த நிலத்துல வேட்டையாடுனாலும் மிச்சிகன்ல மான் லைசென்ஸ் எடுத்தே ஆகணும். ஒஹையோல நிலைமை வேற, அங்க குடியிருக்குறவங்க சொந்த நிலத்துல லைசென்ஸ் இல்லாமலே வேட்டையாடலாம். மிசோரில குறிப்பிட்ட அளவு நிலம் வச்சிருக்குற உள்ளூர்க்காரங்களுக்கு மான் பர்மிட் இலவசம். வேற மாநிலத்துல வாங்குறீங்கன்னா அங்க வெளியூர்க்காரங்களுக்கு வருஷா வருஷம் லைசென்ஸ் எவ்வளவுன்னு பாத்து அதையும் பட்ஜெட்ல சேத்துக்கோங்க.

இன்னொரு பேப்பர். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவங்க விவசாய நிலமோ மரத்தொழில் நடக்குற காட்டு நிலமோ வாங்கினா 90 நாளைக்குள்ள யுஎஸ்டிஏ-வுக்கு (அமெரிக்க விவசாயத் துறை) எஃப்எஸ்ஏ-153ங்கிற ஃபார்ம் கொடுக்கணும், 1978லேர்ந்து இருக்குற சட்டம். பத்து ஏக்கருக்குக் கீழ, பெருசா வருமானம் இல்லாத நிலத்துக்கு விலக்கு உண்டு. கொடுக்காம விட்டா நிலத்து மதிப்புல 25 சதவீதம் வரைக்கும் அபராதம் போட முடியும். அயோவா மாதிரி சில மாநிலங்கள்ல விவசாய நிலம் வாங்கவே தடை இருக்கு.

எத்தனை ஏக்கர், என்ன வடிவம்

ஏக்கர் கணக்கு நமக்குப் பழக்கம்தான், அதே 43,560 சதுர அடி, நம்ம ஊர் 100 சென்ட். ஆனா இங்க நிலத்த கட்டம் கட்டமா வெட்டி வச்சிருக்காங்க, ஒரு சதுர மைல் ஒரு செக்‌ஷன், அது 640 ஏக்கர், அதுல பதினாறுல ஒரு பங்குதான் 40 ஏக்கர், நாலு பக்கமும் 1,320 அடி. பாதியா வெட்டினா 20 ஏக்கர், 660க்கு 1,320. பத்து ஏக்கர் ரெண்டு விதமா வரும், 660க்கு 660 சதுரமா, இல்லன்னா 330 அடி அகலத்துல 1,320 அடி நீளத்துக்கு நாடா மாதிரி. இந்த நாடாவ வாங்கிடாதீங்க. மிச்சிகன்ல ஆள் இருக்குற வீட்லேர்ந்து 450 அடிக்குள்ள, வீட்டுக்காரர் எழுத்துல அனுமதி கொடுக்காம துப்பாக்கி வேட்டை கூடாது. உங்க எல்லைலேர்ந்து 100 அடி தள்ளி பக்கத்து நிலத்துக்காரர் உங்க நீளத்துக்கு நடு மத்தில ஒரு கேபின் கட்டிட்டார்னு வைங்க, 100ம் 330ம் சேத்தா 430, அதாவது நடுப்பகுதில உங்க நிலத்தோட முழு அகலமும் அந்த 450 அடி வட்டத்துக்குள்ள போயிடும், ரெண்டு முனைலயும் சேத்து ஏறக்குறைய பாதி இடம்தான் மிஞ்சும். நீங்க வாங்கும்போது கேபின் இல்லாம இருக்கலாம், அஞ்சு வருஷம் கழிச்சு வரலாம், அத உங்களால தடுக்க முடியாது.

கம்மி பட்ஜெட்டுக்கு என் கணக்குல சரியா வர்றது 20 ஏக்கர், அதுவும் ஒரு பக்கமாவது அரசாங்கக் காட்ட ஒட்டி இருக்கணும். மிச்சிகன்ல மாநிலக் காடு மட்டுமே சுமார் 40 லட்சம் ஏக்கர், அது போக ஹையவாதா, ஒட்டாவா, ஹ்யூரான்-மானிஸ்டீ தேசியக் காடுகள் வேற. பின்னாடி பொதுக்காடு இருந்தா உங்க 20 ஏக்கர் வாசப்படி மாதிரி, ரோட்லேர்ந்து வர்ற மத்த ஆளுங்க ஒரு மைல் சுத்தி நடந்து வரணும், நீங்க கேம்ப்லேர்ந்து எட்டு வச்சா போதும். தனியா 40 ஏக்கர் வாங்குறத விட நான் இதத்தான் எடுப்பேன்.

கம்ப்யூட்டர்ல பாக்க வேண்டியது

பாதி வேலைய வீட்லயே முடிச்சிடலாம். கவுண்டியோட (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஜிஐஎஸ் மேப்ல எல்லையும் சுத்தி இருக்குற ஓனர் பேரும் தெரியும், ஆன்எக்ஸ் ஆப்லயும் தெரியும். கூகுள் எர்த்ல பழைய வருஷப் படங்களப் போட்டுப் பாருங்க, எப்ப மரம் வெட்டினாங்க, பக்கத்துல எத்தனை கேபின் புதுசா முளைச்சிருக்குன்னு தெரியும். வெட்டி எட்டு பத்து வருஷம் ஆன இடம்னா கொழுந்து ஆஸ்பென் நெருக்கமா வந்திருக்கும், பாக்க அசிங்கமா இருக்கும், மானுக்கு அதுல தீனியும் மறைவும் ரெண்டும் கிடைக்கும். ஈரநில மேப், மண் வகை மேப் ரெண்டும் அரசாங்க சைட்ல இலவசம். இதெல்லாம் பாத்தாலே பத்து விளம்பரத்துல எட்டு கழிஞ்சுடும்.

விளம்பரத்துல போடுற பெரிய கொம்பு மான் போட்டோவுக்கு மயங்காதீங்க. யூபில பெரும்பாலான இடத்துல தீனி போட்டு மானை வரவைக்கிறது சட்டப்படி சரி, கீழ் தீபகற்பத்துல 2019 ஜனவரி கடைசிலேர்ந்து தடை. ஒரு மூட்ட சோளத்தக் கொட்டினா எந்தக் காட்டுலயும் போட்டோ எடுத்துடலாம்.

யூபி வடக்குல, லேக் சுபீரியர் பக்கம், பனி ரொம்ப விழும். அங்க மான்கள் குளிர்காலத்துக்கு சீடர் மரச் சதுப்புக்கு இடம் பெயரும். ஆகஸ்ட்ல போய் பாத்தா மான் துள்ளி ஓடும், பனி சீக்கிரம் வந்த வருஷம் நவம்பர் கடைசில அதே இடத்துல குளம்புத் தடம் கூட இருக்காது. நான் தெற்குப் பக்கம் பாத்ததுக்கு இதுதான் காரணம்.

ஏப்ரல்ல நடந்து பாருங்க

நிலத்த நேர்ல பாக்க நல்ல நேரம் பனி உருகி இலை துளிர்க்காத ஏப்ரல். போன வருஷத்துத் தடம் எல்லாம் அப்படியே காட்டுல எழுதி வச்ச மாதிரி இருக்கும். நான் வாங்கின நிலத்துல முதல் தடவை நடந்தப்ப மணிக்கட்டு தடிமன் ஆஸ்பென் மரங்கள்ல, என் முட்டிலேர்ந்து இடுப்பு உயரம் வரைக்கும் பட்ட உரிஞ்சு உள்மரம் வெளுத்துக் கிடந்துச்சு, கிடா மான் கொம்பத் தேய்ச்ச இடம், ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரே வரிசைல பதினோரு மரம், எண்ணினேன். எல்லாத்துலயும் தேய்ச்ச பக்கம் சதுப்பப் பாத்து இருந்துச்சு, அப்ப அது சதுப்புலேர்ந்து மேட்டுக்கு ஏறி வர்ற பாதைன்னு புரிஞ்சுது. சீடர் மரத்தடில காஞ்ச இலை மேல முட்டை வடிவுல அழுந்தின குழி, படுக்குற இடம். இத எந்த மேப்பும் காட்டாது.

அதே ஏப்ரல்தான் தண்ணியையும் காட்டும். இன்னொரு நிலம், படத்துல பச்சைப் பசேல்னு புல்வெளி மாதிரி இருந்துச்சு, ஆசையா இறங்கினா நாலாவது அடில பூட்ஸுக்குள்ள தண்ணி போயிடுச்சு, ரோட்டுக்கும் மேட்டுக்கும் நடுவுல முந்நூறு அடி முழுக்க சேறு. சதுப்பு நமக்குக் குறை இல்லன்னு மேல சொன்னேன், ஆனா மேட்டுக்குப் போற வழியே சதுப்பா இருந்தா மண் கொட்டிப் பாதை போட ஈகிள்ங்கிற மாநிலச் சுற்றுச்சூழல் துறைகிட்ட பர்மிட் வாங்கணும், அது கிடைக்கும்னு நம்பி நிலம் வாங்கக் கூடாது.

காத்த மறக்காதீங்க. இங்க பெரும்பாலும் மேற்குலேர்ந்துதான் காத்து. ரோடு நிலத்துக்கு மேற்குல இருந்தா நீங்க வண்டிலேர்ந்து இறங்கின நிமிஷமே உங்க வாசனை நிலம் முழுக்கப் போயிடும், மான் உங்களப் பாக்குறதுக்கு முன்னாடியே கிளம்பிடும். ரோடு கிழக்குல இருந்தா காத்து உங்க முகத்துக்கு வரும், பின்னாடி காலி. நூறு ஏக்கர்ல இது சமாளிக்குற விஷயம், இருபது ஏக்கர்ல இதுதான் எல்லாமே. நான் விலை பேசும்போது ரோடு கிழக்குல இருந்த ஒரே காரணத்துக்காக இன்னும் ரெண்டாயிரம் டாலர் கூடக் கொடுக்க ரெடியா இருந்தேன்.

பாதை: எழுத்துல இருக்கா

வாங்குறதுக்கு ரொம்ப கிட்ட வந்து விட்ட நிலம் ஒண்ணு இருக்கு, 30 ஏக்கர், விலை நம்பவே முடியல. வித்தவர் தன் வண்டிலயே கூட்டிட்டுப் போனார், பக்கத்து நிலம் வழியா மண் தடம், முப்பது வருஷமா இதுலதான் போறோம், யாரும் ஒண்ணும் சொன்னதில்லன்னார். ரெண்டு வாரம் கழிச்சு நான் தனியாப் போனப்ப ரெண்டு ஓக் மரத்துக்கு நடுவுல மஞ்சள் பிளாஸ்டிக் குழாய் மாட்டின சங்கிலி தொங்குச்சு, பூட்டு புதுசு, சங்கிலி பழசு. அப்ப இது முதல் தடவை இல்ல, அடிக்கடி போடுறதும் கழட்டுறதுமா இருக்குன்னு புரிஞ்சுது. ஊர்ல வண்டிப்பாதை தகராறுல ரெண்டு தலைமுறை கோர்ட்டுக்கு அலைஞ்ச குடும்பத்த எல்லாம் பாத்திருக்கோம்ல, இங்கயும் அதேதான்.

அதனால வாய்வார்த்தைக்கு மதிப்பே கிடையாது. பொது ரோடு நிலத்தத் தொடணும், இல்லன்னா ஈஸ்மென்ட்ங்கிற வழி உரிமை கவுண்டி ரெஜிஸ்டர் ஆஃபீஸ்ல பதிவாகி இருக்கணும், அகலம் எவ்வளவு, வண்டி போகலாமா, அடுத்த ஓனருக்கும் தொடருமான்னு அதுல எழுதியிருக்கணும். வெறும் அரசாங்கக் காடு வழியா போகலாம்னு சொன்னாலும் வண்டிப்பாதைக்கு உரிமை எங்கன்னு கேளுங்க. 'சீசனல் ரோடு'ன்னு போர்டு இருந்தா நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் பனி அள்ள மாட்டாங்க, எனக்கு அப்படித்தான், நவம்பர் 15க்கு பிரச்னை இல்ல, டிசம்பர்ல கடைசி ஒரு மைல் நடை.

பத்திரமும் வில்லங்கமும்

ஊர்ல தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் பாக்காம அட்வான்ஸ் கொடுப்பீங்களா? இங்க அதுக்குப் பேர் டைட்டில் சர்ச், கூடவே டைட்டில் இன்சூரன்ஸ், அதாவது பின்னாடி உரிமைல சிக்கல் வந்தா நஷ்டத்தத் தாங்குற காப்பீடு. காலி நிலம்தானேன்னு விட்டுடாதீங்க. வாரண்டி டீட்னா விக்கிறவர் இது என்னோடதுன்னு பொறுப்பு ஏத்துக்குறார், குவிட்கிளெயிம்னா எனக்கு எதாவது உரிமை இருந்தா அது உனக்குங்கிற அளவுதான். வரி கட்டாம கவுண்டி எடுத்து ஏலம் விடுற நிலம் எல்லாம் குவிட்கிளெயிம்லதான் வரும், விலை ஆசை காட்டும், ஆனா கோர்ட்ல போய் உரிமைய நிரூபிச்சாதான் சில டைட்டில் கம்பெனி இன்சூரன்ஸே கொடுக்கும். முதல் நிலம் வாங்குறவங்க ஏலத்துப் பக்கம் போகாதீங்க.

மிச்சிகன்ல மாட்டக்கூடிய கண்ணி ஒண்ணு, கமர்ஷியல் ஃபாரஸ்ட் திட்டம். 40 ஏக்கரோ அதுக்கு மேலயோ இருக்குற தனியார் காடு 20 லட்சம் ஏக்கருக்கு மேல இதுல இருக்கு. வரி ரொம்ப கம்மி, ஆனா பதிலுக்கு பொதுமக்கள் யார் வேணும்னாலும் நடந்து உள்ள வந்து வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம், நீங்க தடுக்க முடியாது. திட்டத்துலேர்ந்து வெளிய வரணும்னா அபராதம். "குறைந்த வரி"ன்னு விளம்பரத்துல பாத்தாலே முதல் கேள்வி இதுதான். இதுக்கு மாத்தா குவாலிஃபைட் ஃபாரஸ்ட்னு ஒண்ணு இருக்கு, 20 ஏக்கர்லேர்ந்து சேரலாம், வரிச்சலுகையும் உண்டு, வெளியாளுக்குத் திறந்துவிட வேண்டியதில்ல.

பூமிக்கு அடில இருக்குற எண்ணெய், எரிவாயு, தாது உரிமை பல நிலத்துல எப்பவோ தனியாப் பிரிஞ்சு போயிருக்கும். யூபில இதுக்காக நான் கவலைப்படல, ஆனா கீழ் தீபகற்பத்து வடக்குல, ஆன்ட்ரிம் வாயுக் கிணறு இருக்குற ஓட்செகோ, மான்ட்மொரன்சி பக்கம் வாங்கினா கண்டிப்பா கேளுங்க. எல்லைக்கல்ல கண்ணால பாக்க முடியலன்னா சர்வே பண்ணுங்க, காசப் பாக்காதீங்க.

வரி: பழைய ஓனரோட பில்ல நம்பாதீங்க

மிச்சிகன்ல ஒரே ஆள் வச்சிருக்குற வரைக்கும் வரி மதிப்பு மெதுவாத்தான் ஏறும், கை மாறின அடுத்த வருஷம் சந்தை மதிப்போட பாதிக்கு ஒரே தாவா தாவிடும். முப்பது வருஷமா ஒருத்தர் வச்சிருந்த நிலத்துக்கு அவர் கட்டினது முந்நூறு டாலர்னா அது உங்களுக்கு இல்ல. 60,000 டாலர் நிலம்னா வரி மதிப்பு 30,000, குடியிருக்காத சொத்துங்கிறதால பள்ளிக்கூட வரி 18 மில் (ஒரு மில்னா வரி மதிப்புல ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர்) சேந்துக்கும், அது மட்டுமே 540 டாலர், மேல கவுண்டி, டவுன்ஷிப் எல்லாம் தனி. கிரயம் முடிஞ்சு 45 நாளைக்குள்ள ப்ராப்பர்ட்டி டிரான்ஸ்ஃபர் அஃபிடவிட் கொடுக்கணும், மறந்துடாதீங்க.

காசு எங்கேர்ந்து

வீட்டு லோன் மாதிரி காலி நிலத்துக்கு ஈஸியா கிடைக்காது, பல பேங்க் வாங்கவே மாட்டாங்க, வாங்குறவங்களும் 20லேர்ந்து 35 சதவீதம் வரைக்கும் முன்பணம் கேப்பாங்க. பார்ம் கிரெடிட் கூட்டுறவு (மிச்சிகன்ல கிரீன்ஸ்டோன்) வேட்டை நிலத்துக்கும் கடன் கொடுக்குறாங்க, அங்க முதல்ல கேளுங்க. இன்னொண்ணு லேண்ட் கான்ட்ராக்ட், விக்கிறவருக்கே மாசா மாசம் தவணை, முழுசும் கட்டின அப்புறம்தான் பத்திரம் உங்க பேருக்கு வரும். மிச்சிகன்ல இதுக்கு வட்டி 11 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு உச்சவரம்பு இருக்கு. தவணை தவறிப்போய் கோர்ட்டுக்குப் போனா, பாதிக்குக் கம்மியா கட்டியிருந்தா 90 நாள், பாதியோ அதுக்கு மேலயோ கட்டியிருந்தா ஆறு மாசம், அதுக்குள்ள பாக்கியக் கட்டலன்னா கட்டினது எல்லாம் போச்சு. கான்ட்ராக்ட்டோட மெமோரண்டத்த (சுருக்கக் குறிப்பு) கவுண்டில பதிவு பண்ணுங்க, விக்கிறவர் மேல பழைய மார்ட்கேஜ் இருக்கான்னு பாருங்க, அஞ்சாவது வருஷம் மொத்தமாக் கட்டணும்னு நிபந்தனை ஒண்ணு ஒளிஞ்சிருக்கான்னு தேடுங்க.

கையில 50,000 இருந்தா 50,000க்கு நிலம் பாக்காதீங்க. நான் 38,000க்கு வாங்கினேன், மிச்சத்துல சர்வே, கிளோசிங் செலவு, ரோட்லேர்ந்து உள்ள வண்டி திருப்ப சரளை, செயின்சா, மரத்துல ஏறி உக்கார ரெண்டு ஸ்டாண்ட், கீழ விழாம இருக்க ஹார்னஸ்னு போயிடுச்சு. கேபின் கட்டல. டிரெய்லர் நிறுத்தித் தங்கலாமா, எத்தனை நாள்னு டவுன்ஷிப் ஆபீஸ்ல வாங்குறதுக்கு முன்னாடியே ஃபோன் போட்டுக் கேளுங்க, சில டவுன்ஷிப்ல கணக்கா நாள் வச்சிருக்காங்க.

வாங்கின முதல் வருஷம்

எல்லையச் சுத்தி நடந்து போர்டு அடிங்க. அப்புறம் பக்கத்து நிலத்துக்காரங்க ஒவ்வொருத்தர் கதவையும் தட்டி பேரச் சொல்லி ஃபோன் நம்பர் கொடுங்க, காயம்பட்ட மான் எல்லை தாண்டி ஓடினா அவர் அனுமதி இல்லாம நீங்க உள்ள போகக் கூடாது, அதுக்கு முன்னாடியே பழகியிருக்கணும். எனக்குக் கிழக்குப் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர் அந்த ஏரியாவுல நாப்பது வருஷம் வேட்டையாடினவர், ஒரு பொட்டலம் முறுக்கோட போனேன், எந்தக் காத்துக்கு எங்க உக்காரணும்னு ஒரு பேப்பர்ல பென்சில்ல வரைஞ்சு கொடுத்தார், அது இன்னும் என் பர்ஸ்ல இருக்கு.

மாவட்ட ஃபாரெஸ்டரக் கூப்பிட்டு ஒரு தடவை நடக்க வைங்க, எந்த மரத்த வெட்டலாம், எத விடணும்னு சொல்லுவாங்க. நடுவுல அஞ்சாறு ஏக்கர மானுக்குன்னே விட்டுடுங்க, படுக்குற இடம், நீங்க வருஷம் முழுக்க அதுக்குள்ள காலே வைக்கக் கூடாது, அடிபட்ட மானத் தேடிப் போறத தவிர. ஸ்டாண்ட் ரெண்டு போடுங்க, ஒண்ணு மேற்குக் காத்துக்கு, இன்னொண்ணு தெற்குக் காத்துக்கு, கிழக்குக் காத்து அடிக்கிற அன்னைக்கு நிலத்துக்கே போகாம பின்னாடி அரசாங்கக் காட்டுல போய் உக்காருங்க. ஸ்டாண்டுக்குப் போற தடத்துல இருக்குற சுள்ளிய செப்டம்பர்லயே எடுத்துடுங்க, இலை உதிர்ந்து முடிஞ்சதும் காஞ்ச இலையையும் கூட்டித் தள்ளிடுங்க, நவம்பர் 15 இருட்டுல நடக்கும்போது உங்க காலடி சத்தம் உங்களுக்கே கேக்கக் கூடாது.